அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் பேரேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிமை வணிகம் என்றதும் சங்கிலியும் சவுக்கும்தான் நம் நினைவுக்கு வரும். சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. படிக்கப் படிக்க என் கண்ணில் படுவது கணக்குப் பேரேடு. என்ன சரக்குக் கொடுத்தோம், எத்தனை தலை வாங்கினோம், வழியில் சேதாரம் எவ்வளவு, கடைசியில் கையில் நின்றது எவ்வளவு. அந்தப் பேரேட்டின் பக்கங்களில் நம் கரையும் வருகிறது என்பது தெரிந்தபோது கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனேன். நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள்? எவ்வளவு காலம் நடந்தது?

1501 முதல் 1866 வரை. ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியன் தீவுகளிலும் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மீதி 18 லட்சம் பேர் கடலோடு போனார்கள்.

இவை யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன எண்கள் இல்லை. துறைமுகப் பதிவு, சுங்கக் கணக்கு, காப்பீட்டுத் தாள், மாலுமிகளின் நாட்குறிப்பு என்று பல நாட்டு ஆவணங்களைத் துழாவி, சுமார் 36,000 பயணங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் திரட்டியிருக்கிறார்கள். ஆவணம் கிடைக்காத பயணங்களுக்கு மதிப்பீடு சேர்த்துப் போட்ட கணக்கு இது. எழுதி வைக்கும் பழக்கம் வியாபாரிக்கு உண்டல்லவா, அதனால்தான் இவ்வளவு துல்லியம். கரைக்கு நடத்திக் கொண்டுவரும்போது வழியில் செத்தவர்கள், கோட்டைக் கிடங்குகளில் கப்பலுக்குக் காத்திருந்து செத்தவர்கள் இதில் வரமாட்டார்கள். விலை கொடுத்துக் கப்பலேற்றிய ஆளுக்குத்தான் பேரேட்டில் இடம்.

இதில் முன்னணியில் இருந்தது அமெரிக்காதானே?

இல்லை. போர்ச்சுகல், பிரேசில் கொடியோடு போன கப்பல்கள்தான் முதலிடம்: சுமார் 58 லட்சம் பேர். அடுத்து பிரிட்டன், 32 லட்சத்துக்கு மேல். பிரான்ஸ் 13 லட்சத்துக்கு மேல். ஸ்பெயின், ஹாலந்து, டென்மார்க் எல்லாம் அதற்குப் பின்னால். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கப்பல்கள் ஏற்றியது சுமார் 3 லட்சம்.

இறங்கிய இடத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். பிரேசிலில் 48 லட்சம் பேர், ஜமைக்கா என்ற சின்னத் தீவில் மட்டும் 10 லட்சம், வட அமெரிக்க நிலப்பகுதியில் நேரடியாக வந்து இறங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ரியோ டி ஜெனிரோவில் 1811இல் கட்டிய வலோங்கோ என்ற படித்துறையில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் கரையேறினார்கள். பின்னாளில் அதன்மேல் வேறு துறை கட்டி மூடிவிட்டார்கள். 2011இல் தோண்டியபோது பழைய கற்கள் வெளிவந்தன. இப்போது அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

எதற்காக இவ்வளவு ஆள் தேவைப்பட்டது?

ஒரே வார்த்தையில் சொன்னால், சர்க்கரை. புகையிலை, பருத்தி, காபி, தங்கச் சுரங்கம் எல்லாம் உண்டு. ஆனால் ஆளைத் தின்றது கரும்புதான்.

கரும்பு பயிரிடுகிறவர்களுக்கு இது விளங்கும். வெட்டிய கரும்பைப் போட்டு வைக்க முடியாது. ஓரிரு நாளுக்குள் ஆட்டாவிட்டால் சாறு கெட்டுப்போகும். ஆகவே வெட்டு நடக்கும் மாதங்களில் வயலும் ஆலையும் கொப்பரையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். இரவு வேலை கட்டாயம். கரீபியன் ஆலைகளில் உருளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடரியை வைத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் கரும்பு செருகுகிறவரின் விரல் உருளையில் மாட்டினால், உடம்பு முழுவதும் உள்ளே போவதற்குள் கையை வெட்டிவிட வேண்டும். அதற்குத்தான்.

அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள் பெரியம்மையிலும் கொடுமையிலும் கூட்டம் கூட்டமாக மடிந்துவிட்டார்கள். பார்படோஸ் போன்ற தீவுகளுக்கு முதலில் இங்கிலாந்து, அயர்லாந்து ஏழைகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒப்பந்தம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். 1640களில் பார்படோஸ் கரும்புக்கு மாறியது. தோட்டக்காரர் கணக்குப் போட்டார். ஆயுளுக்கும் சொந்தம், பிறக்கும் குழந்தையும் சொந்தம் என்ற சரக்கு ஆப்பிரிக்கக் கரையில் கிடைத்தது. கறுப்பரைத் தாழ்வாக நினைத்தது முதலா, லாபம் முதலா என்று வாதம் இன்னும் நடக்கிறது. என் பார்வையில் தேவை முதலில் வந்தது. அதற்கு நியாயம் கற்பிக்கும் இனவெறி பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, வணிகம் போன பிறகும் எழுந்து போகவில்லை.

வாங்கித் தின்றது யார்? 1700இல் இங்கிலாந்தில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 ராத்தல் (பவுண்டு எடை) சர்க்கரை. 1800இல் 18 ராத்தல்.

ஓர் ஆளுக்கு விலையாக என்ன கொடுத்தார்கள்? தங்கமா?

பாசிமணியும் கண்ணாடித் துண்டும் கொடுத்து ஏமாற்றினார்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது பாதிக் கதைகூட இல்லை. ஆப்பிரிக்க வியாபாரிகள் கறாரான ஆட்கள். துப்பாக்கி, வெடிமருந்து, இரும்புப் பாளம், பித்தளை, சாராயம், பிரேசில் புகையிலை என்று ஊருக்கு ஊர் கேட்பு மாறும். ஆனால் பட்டியலில் பெரும்பாலும் முதலிடம் துணிக்கு. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தத் துணியில் கணிசமான பங்கு இந்தியத் துணி.

சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத்துணிக்கு ஐரோப்பிய வணிகர் வைத்த பெயரே 'கினித் துணி'. கினி என்றால் மேற்கு ஆப்பிரிக்கக் கரை. சரக்கு எங்கே போகிறது என்பது பெயரிலேயே ஒட்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்து போன நீலத்துணிக்கு செனகல் பக்கம் பெரிய கிராக்கி. பிரான்சில் அதே போல நெய்து விற்றுப் பார்த்தார்கள். வாங்குகிறவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து இது அசல் இல்லை என்று ஒதுக்கினார்களாம். மான்செஸ்டர்காரர்களும் ஆப்பிரிக்கச் சந்தைக்காக இந்தியத் துணியைப் பார்த்துப் பார்த்துத்தான் நெய்து பழகினார்கள். சாயம் போட்ட இந்தியத் துணியை இங்கிலாந்தில் உடுத்தக்கூடாது என்று 1700இல் சட்டம் வந்தது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் தடையில்லை. ஆக லண்டன் கிடங்கில் இறங்கிய மூட்டை மறுபடி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனது. காஞ்சிபுரம் பக்கம் தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளிக்கு தன் துணி எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்னொரு சரக்கு சோழி. ஆமாம், பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் நாம் எடுக்கும் அதே வெள்ளைச் சோழி. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் அதுதான் நாணயம். விளைந்த இடம் மாலத்தீவு. அங்கிருந்து வங்காளத்துக்கும் இலங்கைக்கும் வரும். டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் நிலை தடுமாறாமலிருக்க அடியில் போடும் பாரமாக அதை ஏற்றிக்கொண்டு போய் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் விடும். அடிமைக் கப்பல்காரர்கள் ஏலத்தில் எடுத்து ஆப்பிரிக்காவில் செலவழிப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் இப்படிப் போன சோழி 1,000 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கரையில் ஓர் ஆளின் விலை பல பத்தாயிரம் சோழி. நாற்பது நாற்பதாகச் சரம் கோத்து எண்ணுவார்கள்.

விடுதலை பெற்று லண்டனில் வாழ்ந்த ஒலாடா எக்வியானோ 1789இல் தன் வாழ்க்கையை எழுதினார். சிறுவனாக உள்நாட்டில் கைமாறியபோது தனக்குக் கிடைத்த விலை 172 வெள்ளைச் சோழி என்று அதில் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்.

முக்கோண வணிகம் என்கிறார்களே, அது சரியா?

ஓரளவுக்கு. ஐரோப்பாவிலிருந்து சரக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து ஆள், அமெரிக்கத் தீவுகளிலிருந்து சர்க்கரை என்று வரைபடத்தில் போட்டால் முக்கோணம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரேசில் வணிகம் நேர்கோடு: பாஹியாவிலிருந்தும் ரியோவிலிருந்தும் புகையிலையும் சாராயமும் நேரே ஆப்பிரிக்கா போகும், ஆட்கள் நேரே திரும்பி வருவார்கள். லிவர்பூல் கப்பல்களும் திரும்பும்போது பல சமயம் பாதி காலியாகத்தான் வந்தன. சர்க்கரை ஏற்றுவதற்குத் தனிக் கப்பல்கள் இருந்தன. அடிமைக் கப்பல் கொண்டுவந்தது உண்டியல். தோட்டக்காரரின் முகவர் இத்தனை மாதத்தில் பணம் தருவதாக எழுதிய தாள். நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லண்டன் வணிக நிறுவனங்கள் அந்தத் தாளுக்குப் பொறுப்பேற்றன. கடன் ஓடினால்தான் கப்பல் ஓடும்.

ஆப்பிரிக்கர்களே தங்கள் மக்களை விற்றார்கள் என்று சொல்வது உண்மையா?

விற்றார்கள். ஆனால் 'தங்கள் மக்கள்' என்பதில்தான் சிக்கல். அன்று ஆப்பிரிக்கர் என்ற ஓர் அடையாளமே அங்கே கிடையாது. சோழன் சாளுக்கியனைத் 'தன் ஆள்' என்றா நினைத்தான்? தஹோமி, அசாந்தே போன்ற அரசுகள் போரில் பிடித்த அயலாரை விற்றன. கடன், குற்றம், ஆள்கடத்தல் என்று வேறு வழிகளும் இருந்தன. ஐரோப்பியர் பெரும்பாலும் கரையைத் தாண்டி உள்ளே போகவில்லை. நோயும் ஆப்பிரிக்க அரசுகளின் பலமும் விடவில்லை. 1482இல் போர்ச்சுகீசியர் கட்டிய எல்மினா கோட்டைக்கே உள்ளூர்த் தலைவர்களுக்கு வாடகை மாதிரி தொகை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்த்த குரலும் ஆரம்பத்திலேயே உண்டு. கிறிஸ்தவரான காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ, 1526இல் போர்ச்சுகல் மன்னருக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் வணிகர்கள் எங்கள் பிரபுக்களின் பிள்ளைகளையும் என் சொந்தக்காரர்களையும்கூடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நாடே காலியாகிறது என்று. பயன் ஒன்றும் இல்லை. பக்கத்து அரசன் ஆளைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறான் என்றால் நீயும் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் நாளை நீதான் சரக்கு. அந்தப் பொறியில் மாட்டிய பிறகு 'வேண்டாம்' என்று சொல்ல எந்தச் சின்ன அரசுக்கும் துணிவில்லை.

கப்பலுக்குள் நிலைமை எப்படி இருந்தது?

'புரூக்ஸ்' என்ற லிவர்பூல் கப்பலின் அடித்தள வரைபடத்தை 1788இல் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அச்சிட்டார்கள். தீப்பெட்டிக் குச்சி மாதிரி ஆட்களை அடுக்கிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். அதில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய அகலம் 16 அங்குலம். கையை நீட்டிப் பாருங்கள். ஒரு முழத்துக்கும் குறைவு. புரண்டு படுக்க முடியாது. கூட்டத்தைக் குறைக்கிறோம் என்று அதே ஆண்டு பிரிட்டன் போட்ட சட்டத்தின்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். படத்தில் காட்டியிருப்பது அந்தச் சட்டப்படியான அளவைத்தான். அதற்கு முன் ஒரு பயணத்தில் அதே கப்பல் 609 பேரை ஏற்றியிருந்தது.

கரீபியனுக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு மாதம். சில சமயம் இன்னும் அதிகம். ஆண்களை இரண்டிரண்டு பேராகக் காலில் விலங்கிட்டுக் கீழ்த்தளத்தில் போடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் தனியே, பெரும்பாலும் விலங்கில்லாமல்; அதனால் மாலுமிகளுக்கு எட்டும் இடத்தில். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. சீதபேதிதான் பெரிய கொலையாளி. கப்பல் வைத்தியராக இருந்த அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ், அந்தத் தரையை ரத்தமும் சளியுமாக இருக்கும் கசாப்புக் கூடத்தோடு ஒப்பிட்டு எழுதினார். பட்டினி கிடந்து சாகப் பார்ப்பவரின் வாயைத் திறப்பதற்கு ஒரு திருகாணிக் கருவி இருந்தது. அடிமை வணிக எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்சன் 1787இல் லிவர்பூலில் ஒரு கடையில் அதை விலைக்கு வாங்கினார். கைவிலங்கு, கட்டைவிரல் திருகு எல்லாமே அங்கே கடைச் சரக்கு. கடலில் குதித்துவிடாமல் கப்பலைச் சுற்றி வலை கட்டுவார்கள்.

சாவைக் குறைக்க அக்கறை காட்டவில்லையா என்று கேட்பார்கள். காட்டினார்கள், கணக்கோடு. 1788 சட்டப்படி நூற்றுக்கு 2 பேருக்கு மேல் சாகாமல் கொண்டு சேர்த்தால் தலைவனுக்கு 100 பவுண்டு, வைத்தியருக்கு 50 பவுண்டு ஊக்கத்தொகை. 3 பேர் என்றால் அதில் பாதி.

மனிதரை எண்ணும் அலகே தனியாக இருந்தது. ஸ்பானியக் காலனிகளுக்கு ஆள் அனுப்பும் உரிமையை 1713இல் ஓர் உடன்படிக்கை மூலம் பிரிட்டன் பெற்றது: 30 ஆண்டு, ஆண்டுக்கு 4,800 'பியேசா'. ஒரு பியேசா என்றால் குறையில்லாத உடம்புள்ள இளம் ஆண். சிறுவனும், வயதானவரும், பல் விழுந்தவரும் முக்கால், அரை என்று பின்னத்தில் வருவார்கள்.

'ஸோங்' கப்பல் வழக்கு என்றால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1781 ஆகஸ்டில் ஸோங் என்ற லிவர்பூல்காரர்களின் கப்பல் 442 பேரோடு ஆக்ராவிலிருந்து புறப்பட்டது (இது இன்றைய கானாவின் தலைநகர், நம் தாஜ்மகால் ஊர் இல்லை). அதன் அளவுக்கு இரண்டு மடங்கு கூட்டம். தலைவன் லூக் காலிங்வுட் அதுவரை கப்பல் வைத்தியராக இருந்தவன், கப்பல் நடத்திப் பழக்கமில்லை. ஜமைக்காவைப் பார்த்துவிட்டு வேறு தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். நோயில் அறுபதுக்கு மேல் ஆட்கள் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். தண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29 அன்று மாலை பெண்களும் குழந்தைகளுமாக 54 பேரை அறைச் சன்னல் வழியே கடலில் தள்ளினார்கள். அடுத்த சில நாட்களில் ஆண்களை. மொத்தம் 130க்கு மேல். 10 பேர் தாங்களே குதித்தார்கள்.

ஏன் தள்ளினார்கள்? நோயில் செத்தால் காப்பீடு கிடையாது. அது 'இயற்கைச் சாவு', முதலாளியின் நட்டம். மற்ற சரக்கைக் காப்பாற்றக் கொஞ்சம் சரக்கைக் கடலில் எறிந்தால் காப்பீடு உண்டு. தலைக்கு 30 பவுண்டு. டிசம்பர் 22இல் கப்பல் ஜமைக்கா சேர்ந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 208 பேர். மிச்சமிருந்த தண்ணீர் 420 காலன்.

முதலாளிகள் பணம் கேட்டார்கள், காப்பீட்டுக்காரர்கள் மறுத்தார்கள், விஷயம் நீதிமன்றம் போனது. கொலை வழக்கு இல்லை, காப்பீட்டு வழக்கு. நடுவர் குழு முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1783இல் மேல்விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், குதிரைகளைக் கடலில் எறிந்தது போலத்தான் இந்த வழக்கையும் நடுவர்கள் பார்த்தார்கள் என்று குறிப்பிட்டார். மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது; அது நடந்ததற்குப் பதிவில்லை. எக்வியானோ சொல்லித்தான் கிரான்வில் ஷார்ப் என்ற ஆங்கிலேயருக்கு விஷயம் தெரிந்தது. கொலைக் குற்றம் சாட்ட அவர் எவ்வளவோ முயன்றார். ஒருவர்மீதும் வழக்குப் பாயவில்லை.

கொள்ளை லாபம் கிடைத்திருக்குமே?

சராசரி அப்படி இல்லை. பிரிட்டிஷ் பயணங்களை அலசியவர்கள் சொல்வது முதலுக்கு ஆண்டுக்கு 8 முதல் 10 சதவீதம். ஒரு பயணத்தில் இரட்டிப்பாகும், இன்னொன்றில் முதலே முழுகும். இதைக் கேட்டுச் சிலர் 'அப்படியென்றால் பெரிய வணிகம் இல்லையே' என்கிறார்கள். எனக்கு இதில்தான் வயிறு கலங்குகிறது. பேராசைக்காரன் ஒருவன் இரண்டு பேர் செய்த வேலை என்றால் புரிந்துகொள்ளலாம். பத்து சதவீதம் என்பது நல்ல சீட்டுக் கம்பெனி தரும் வருமானம். லிவர்பூலில் மளிகைக்காரர், கயிறு விற்பவர், வக்கீல் எல்லாம் பங்கு போட்டு வாங்கி, வட்டி மாதிரி வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இங்கிலாந்தின் தொழிற்புரட்சியே அந்தப் பணம்தான் என்று 1944இல் எழுதியவர் எரிக் வில்லியம்ஸ். பின்னால் டிரினிடாட் டொபாகோவின் முதல் பிரதமர். கப்பல் லாபத்தை மட்டும் எடுத்தால் அவர் வாதம் நிற்காது என்று பலர் மறுத்திருக்கிறார்கள். ஆனால் கப்பல் கட்டுவது, காப்பீடு, வங்கி, சர்க்கரை சுத்திகரிப்பு, பிர்மிங்காம் துப்பாக்கி, லங்காஷயர் ஆலைக்குப் போன அமெரிக்க அடிமைப் பருத்தி எல்லாவற்றையும் சேர்த்தால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

தோட்டத்தில் அவர்கள் கதி என்ன?

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜமைக்காவில் சுமார் 10 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள். 1834இல் அங்கே இருந்த அடிமைகள் சுமார் 3,11,000. வட அமெரிக்காவில் இறங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. 1860இல் அங்கே இருந்தவர்கள் 39 லட்சத்துக்கு மேல். வட அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இரக்கம் மிக்கவர்கள் என்று அர்த்தமில்லை. கரும்பு ஆளைக் கொன்றது. குழந்தை பெற்று வளர்ப்பதைவிடக் கரைக்குப் போய்ப் புது ஆள் வாங்குவது மலிவு என்று கரீபியன் தோட்டக்காரர்கள் நினைத்தார்கள். வட அமெரிக்காவில் பிறப்பு இறப்பை மிஞ்சியது. 1808இல் இறக்குமதி சட்டப்படி நின்றதும் அங்கேயே பிறந்த பிள்ளைகளை விற்பது தனித் தொழிலாயிற்று.

அடங்கிப் போனார்களா?

சுமார் பத்துப் பயணத்துக்கு ஒன்றில் கப்பலில் கலகம் நடந்திருக்கிறது. பெரும்பாலானவை தோற்றன. ஆனால் அதற்குப் பயந்து ஒவ்வொரு கப்பலும் கூடுதல் மாலுமி, கூடுதல் துப்பாக்கி ஏற்றியாக வேண்டியிருந்தது. செலவு ஏறினால் அடுத்த பயணத்தில் ஆள் குறையும். தோற்ற கலகமும் முகம் தெரியாத யாரையோ காப்பாற்றியது.

வென்ற கலகம் ஹைட்டி. பிரெஞ்சுக்காரர்களின் செழிப்பான காலனி. ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது. 1791 ஆகஸ்டில் எழுந்தார்கள், நெப்போலியன் படையையும் முறியடித்தார்கள், 1804இல் தனிநாடு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திவிட்டு, இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கட்டு என்றது. சொத்து என்றதில் அவர்களும் அடக்கம். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன், அதன் வட்டி, அதற்கு மறுகடன் என்று 1947 வரை இழுத்தது. ஹைட்டி ஏன் ஏழை நாடு என்று கேட்பவர்களிடம் இந்த ரசீதைக் காட்டுங்கள்.

ஆப்பிரிக்காவுக்கு என்ன ஆயிற்று?

போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள், உழைக்கும் வயதினர். அங்கோலாவில் 1777ஐ ஒட்டி எடுத்த கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். உழவும் குழந்தையும் பெண்கள் தலையில். பொருளியல் ஆய்வாளர் நேதன் நன் 2008இல் காட்டியது: அதிகம் ஆள் பறிகொடுத்த பகுதிகள்தான் இன்று அதிகம் ஏழை. 2011இல் லெனார்ட் வான்செகானோடு சேர்ந்து இன்னொன்றும் காட்டினார்: அதே பகுதிகளின் மக்கள் இன்றும் அண்டை வீட்டாரையும் உறவினரையும்கூடக் குறைவாகவே நம்புகிறார்கள். மாமனே பிடித்து விற்ற காலத்தில் கற்றுக்கொண்ட எச்சரிக்கை.

தமிழ்க் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றுமதி செய்தார்களா?

செய்தார்கள். அட்லாண்டிக் அளவுக்கு இல்லை. ஆனால் நம் பாடப்புத்தகங்களில் இது வருவதே இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும், 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த நாகப்பட்டினத்திலும் ஆள் வாங்கியது. பஞ்சமும் போரும் வந்தால் வணிகம் சூடு பிடிக்கும். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிய சமயத்தில், 8,000 முதல் 10,000 பேர் வாங்கப்பட்டார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு, சிலர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும். சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்கள் அதில் உண்டு. 1694 முதல் 1696 வரை இன்னொரு 3,859 பேர் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கை போனதாகப் பதிவிருக்கிறது. மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கர், மொசாம்பிக் ஆட்கள். நம் கரை ஆட்களும் கலந்திருந்தார்கள்.

அரேபியர்களும் இதைச் செய்தார்களே?

செய்தார்கள், இன்னும் நீண்ட காலம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, பாரசீகம், இந்தியா வரை. ஜன்ஜிபாரின் கிராம்புத் தோட்டங்களும் அடிமை உழைப்பில்தான் வளர்ந்தன; அங்கிருந்த சந்தையை மூடியது 1873இல். ஒருவர் செய்ததைச் சொன்னால் மற்றவர் செய்தது கழிந்துவிடாது; இரண்டும் தனித்தனிக் கணக்கு.

கடைசியில் ஏன் நிறுத்தினார்கள்? அடிமைகளுக்கு இழப்பீடு கொடுத்தார்களா?

மனசாட்சி, கலகம், கணக்கு மூன்றும் சேர்ந்துதான். பிரிட்டன் 1807இல் வணிகத்தைத் தடை செய்தது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல். பிரேசில் 1888 வரை விடவில்லை. 1791இல் லட்சக்கணக்கான ஆங்கிலேயர்கள் மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்க மறுத்தார்கள். அதற்கு மாற்றாக, 'அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதிய பீங்கான் கிண்ணங்கள் பின்னாளில் வந்தன. அதே காலத்தில் தஞ்சையிலும் மலபாரிலும் பரம்பரை அடிமைகள் வயலில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அந்தக் கிண்ணத்தை வாங்கியவருக்குத் தெரியாது. 1833 சட்டமே கம்பெனி ஆண்ட இந்தியாவையும் இலங்கையையும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. இந்தியாவுக்கு 1843இல்தான் சட்டம் வந்தது.

இழப்பீடு கொடுத்தார்கள், முதலாளிகளுக்கு. 2 கோடி பவுண்டு. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். அந்தக் கடனின் கடைசித் தவணை 2015இல்தான் கட்டி முடிந்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்கும் மேல், 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் பழைய முதலாளியிடமே சம்பளமில்லாமல் சில ஆண்டுகள் உழைக்கச் சொன்னார்கள்.

ஒப்பந்தக் கூலி முறையும் இதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை. ஒப்பந்தத்துக்கு முடிவு உண்டு, சம்பளம் உண்டு, பிள்ளை முதலாளியின் சொத்து ஆகாது. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் அடிமையாக இருந்தவர்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். ஆனால் தோட்டம் அதே தோட்டம், கங்காணி கையில் இருந்த சவுக்கும் அதே சவுக்கு. சென்னை, புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்கள் மொரீஷியஸ், ரீயூனியன், மார்த்தினிக் என்று போனது அடிமைகள் காலி செய்த வரப்புகளை நிரப்பத்தான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து பாரதி பாடியதும் இந்தக் கதையைத்தான்.

இரண்டு கணக்கும் ஒரே மேசையில் எழுதப்பட்டதற்கு ஓர் ஆள் சாட்சி. ஜான் கிளாட்ஸ்டன், லிவர்பூல் வணிகர், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. 2,508 அடிமைகளுக்கு இழப்பீடாக அவர் வாங்கியது 1,06,769 பவுண்டு. அதே காலத்தில், 1836 சனவரியில் கல்கத்தாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: என் கயானா தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் வேண்டும், ஐந்தாண்டுக்குக் குறையாத ஒப்பந்தத்தில் அனுப்ப முடியுமா? 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் 1838 மே 5 அன்று கயானாவின் டெமராரா சேர்ந்தன. தொழில் பழகுநர்களாக இருந்த பழைய அடிமைகள் முழு விடுதலை பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது.